காலி அட்டை சீட்டு ஆகாது

எங்கள் ஊர் மருந்து வணிகர் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

உங்கள் கடைகளின் ஷட்டர் ஓரத்தில் போன வாரம் ஒட்டப்பட்ட மஞ்சள் நோட்டீஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவுப்படி எல்லாக் கடைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்திவிட்டோம். எங்கள் கடமையைச் செய்துவிட்டோம். பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் பொறுப்பு’ என்று அதில் அச்சடித்திருக்கிறீர்கள். கீழே சங்கத்தின் முத்திரை. பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் மாத்திரை போட்டுவிட்டு நினைவில்லாமல் கிடந்த செய்தி நாளிதழில் வந்த பிறகு, ஊருக்கு நீங்கள் சொன்ன பதில் இவ்வளவுதான்.

நான் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருப்பதால் பெயர் போடவில்லை. நைட் டியூட்டி முடிந்து உங்கள் கடை வாசலில் நிற்கிறவள்தான். உங்களில் பலருக்கு முகம் தெரியும். அந்தப் பையனைக் கொண்டுவந்தபோது நான்தான் பணியில் இருந்தேன். அவனுக்கு முன்னால் வந்தவர்களையும் பின்னால் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘கடமையைச் செய்துவிட்டோம்’ என்ற வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை.

தூக்க மாத்திரை அளவுக்கு மீறிப் போனால் பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரிதான் இருக்கும். குறட்டைகூட வரும். ‘நல்லாத் தூங்குதான் சிஸ்டர், எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கான்’ என்றுதான் அவன் நண்பர்களும் சொன்னார்கள். அந்தச் சத்தத்தை நாங்கள் குறட்டையாகக் கேட்பதில்லை. தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு போகும் வழியைப் பாதி அடைத்திருக்கும்போது வரும் சத்தம் அது. பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். பதில் இல்லையென்றால் நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்போம். முகம் சுளித்தால் கொஞ்சம் நிம்மதி. அவன் சுளிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டைக் காலரில் வாந்தி காய்ந்திருந்தது.

முந்தின இரவு யாருக்கோ பிறந்தநாள். பாட்டிலோடு மாத்திரை அட்டையும் சுற்றி வந்திருக்கிறது. இவன் சரிந்ததும் மொட்டைமாடியிலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, போர்வை போர்த்தி, விடிந்தால் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். மல்லாந்து கிடக்கிறவன் நினைவில்லாமல் வாந்தி எடுத்தால் அது வெளியே வராது, நுரையீரலுக்குள் இறங்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால்கூட அந்த அளவுக்குப் போயிருக்காது. விடியற்காலையில் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னாலிருந்து ஒருவன் கட்டிப் பிடித்தபடி கொண்டுவந்தார்கள். 108-க்குப் போன் செய்தால் போலீஸ் வரும் என்று பயமாம். ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம். பிழைத்துக்கொண்டான். நுரையீரல் சளி தேறவே வெகுநாள் ஆனது.

உங்களில் பி.பார்ம் படித்தவர்கள் ஒன்று சொல்வீர்கள் என்று தெரியும். அல்பிரஸோலம், டயாஸிபாம், நைட்ரஸிபாம் வகை மாத்திரைகள் தனியாகப் போனால் உயிரை எடுப்பது அபூர்வம், பார்பிட்டுரேட் என்ற பழைய வகைத் தூக்க மாத்திரைகளின் காலம் மாதிரி இல்லை என்பீர்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வார்டுக்கு வரும் பிள்ளைகள் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. கூட மது இருக்கும். இல்லாவிட்டால் டேபென்டடால், டிரமடால் என்று வலி மாத்திரை இருக்கும். ஒவ்வொன்றும் மூளையில் மூச்சை நடத்தும் இடத்தை மந்தப்படுத்துவது. சேர்ந்தால் மூச்சு நின்றே போகும். தூக்க மாத்திரையும் ஓபியாய்ட் என்ற அபின் வகை வலி மாத்திரையும் சேர்வது அவ்வளவு ஆபத்து என்பதால், இரண்டு வகை மருந்துகளின் மேலும் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று 2016-இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் உத்தரவிட்டுவிட்டது. நைட்ரஸிபாம் போட்டு ஒரு நாள் கழித்தும் அதில் ஏறக்குறையப் பாதி உடம்பில் மிச்சம் இருக்கும். நேற்றுப் போட்டது இறங்குவதற்குள் இன்றும் போடுகிறவனுக்கு இது தெரியாது.

முறிவு மருந்து இருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். ஃப்ளுமஸெனில் இருக்கிறது, ஆனால் எடுத்தவுடன் ஏற்றிவிட முடியாது. பழகிப்போன உடம்பாக இருந்தால் வலிப்பு வரும். வேறு சில மருந்துகளோடு கலந்திருந்தாலும் வரும். எனவே என்ன மாத்திரை, எப்போது, எதோடு சேர்த்து என்பதுதான் எங்களுக்கு முதல் கேள்வி. அதற்குப் பெரும்பாலும் ஒரே சாட்சி, சட்டைப் பையிலிருந்தோ தலையணைக்கு அடியிலிருந்தோ எடுத்துவந்த காலி அட்டை.

அதையும் நீங்கள் எங்களுக்கு ஒழுங்காகக் கொடுப்பதில்லை. முழு அட்டையாக இருந்தால் மருந்தின் பெயர், மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். கத்தரித்துக் கொடுத்த துண்டில் என்ன இருக்கும்? பேட்ச் எண் அச்சடித்த முனை உங்கள் டப்பாவிலேயே நின்றுவிடும். பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும் மிஞ்சிய துண்டை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, இது அல்பிரஸோலமா, குளோனஸிபாமா, இல்லை வேறெதுவுமா என்று நானும் பயிற்சி மருத்துவரும் ஊகித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். பக்கத்தில் பையனின் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் நோட்டீஸின் கடைசி வரிக்கு வருகிறேன். பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெண் ப்ளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் ஆச்சிக்கு வெகு காலமாகத் தூக்க மாத்திரை. எழுதிக்கொடுத்த டாக்டர் கிளினிக்கையே மூடிவிட்டுப் போய்விட்டார். மாதம் பிறந்தால் காலி அட்டையைப் பேத்தி கையில் கொடுத்து, அண்ணாச்சி கடையில் இதே மாதிரி வாங்கிட்டு வா என்று அனுப்புவார்கள். பள்ளி விட்டு வரும் வழி. சீருடையில், புத்தகப் பையோடு, இரட்டைச் சடையோடு உங்கள் கடை முன்னால் நின்று, அட்டையை நீட்டியிருக்கிறாள். ‘ஆச்சிக்கா?’ என்றுகூட யாரும் கேட்டதில்லையாம். அவள் எனக்குச் சொன்னது அது. ஒரு நாள் ஆச்சிக்காக வாங்கவில்லை. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது அவளுக்கும் மனநல மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும். ஊர் அதற்கு ஏற்கெனவே நாலு கதை கட்டிவிட்டது, நான் ஐந்தாவது சொல்லப் போவதில்லை. எப்படிக் கிடைத்தது என்பது மட்டும்தான் என் கேள்வி. அந்த வீட்டில் பெற்றோர் கண்காணிக்காமல் இல்லை. போன் பார்த்தார்கள், டியூஷனுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார்கள். பட்டப்பகலில், மெயின் ரோட்டில், சிவப்புச் சிலுவைப் பலகைக்குக் கீழே இருந்து வரும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவள் அம்மா முதலில் சொன்னார். கேஸ் ஆகிவிடும், பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று பயம். அந்தப் பொய்யால் போன நேரம் எங்களுக்குத் தெரியும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லவே இல்லை. ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதுவோம், போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் போகும், அது நடைமுறை. இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், அட்டையைக் கொண்டுவாருங்கள். கடிதம் உங்களுக்கு இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

திரும்ப உங்களிடம். விதி உங்களுக்குத் தெரியாததல்ல. உரிமம் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட விதிதான். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதி: ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் என்ற பட்டியல்களில் உள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது. சீட்டில் மருத்துவரின் கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, எத்தனை மாத்திரை, எந்த அளவு எல்லாம் இருக்க வேண்டும். திரும்பவும் கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தாலொழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. கொடுத்ததும் அந்தச் சீட்டிலேயே, மருத்துவர் கையெழுத்துக்கு மேலே, கடையின் பெயர், முகவரி, தேதி மூன்றையும் குறிக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை எத்தனை கடைகள் செய்கின்றன? நான் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் சீட்டுகள் எதிலும் ஒரு கடையின் முத்திரையும் இல்லை. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செலவு. அது இருந்தால் ஒரே சீட்டை வைத்து ஊரில் உள்ள ஏழு கடையிலும் ஏறி இறங்க முடியாது.

எச்1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2014 மார்ச் 1-ஆம் தேதி. அதில் இருந்த 46 மருந்துகளில் அல்பிரஸோலம், டயாஸிபாம், நைட்ரஸிபாம், குளோர்டயஸிபாக்ஸைடு, மிடஸோலம், ஸோல்பிடெம், டிரமடால் எல்லாம் உண்டு. அட்டையின் மேல் இடது மூலையில் சிவப்பில் ஆர்எக்ஸ் போட்டு, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. விற்கும்போதே தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: எழுதிக்கொடுத்த மருத்துவர் யார், அவர் முகவரி என்ன, நோயாளி யார், எந்த மருந்து, எத்தனை. மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். மேலே சொன்னவற்றில் அல்பிரஸோலம், டயாஸிபாம், நைட்ரஸிபாம் மூன்றும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலிலும் இருக்கின்றன. உரிமம் போகிற விஷயம் மட்டுமில்லை இது.

அந்தப் பதிவேட்டை எப்படி எழுதுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் சித்தப்பா மகன் டி.பார்ம் முடித்தவன். மாதம் ஒரு தொகைக்கு அவனுடைய சான்றிதழ் வேறொரு ஊரில் ஒரு கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவன் திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். எப்போதாவது வரச் சொல்லி நோட்டை முன்னால் வைப்பார்களாம். குமார், செல்வி, முருகன், மறுபடி குமார். ஒரே பேனா, ஒரே உட்கார்வில் ஒரு மாதம். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட ஒரு நோட்டு தயார். மாத்திரை எடுத்துக் கொடுத்தவரோ பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்த பையன். பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பட்டையும் அணிந்திருக்க வேண்டும் என்று 2015-இல் வந்த விதிமுறை சொல்கிறது. நம் ஊரில் வெள்ளைக் கோட்டைக் கடைக்காரர்கள் சங்க ஆண்டு விழாப் போட்டோவில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் அப்படி இல்லை. தேரடிப் பக்கம் ஒரு அம்மா கடை நடத்துகிறார். சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை தரமாட்டார். வாடிக்கையாளர்கள் அவரைத் திட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் வாடகை உண்டு, கரண்ட் பில் உண்டு, ஆன்லைன்காரர்கள் கொடுக்கும் தள்ளுபடியோடு போட்டி உண்டு. அப்படி ஒருவர் கடை நடத்த முடிகிறது என்றால் மற்றவர்களாலும் முடியும். ‘நான் தராட்டி பக்கத்துக் கடைக்காரன் தருவான்’ என்பதுதான் உங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்லும் நியாயம். பக்கத்துக் கடைக்காரரும் அதே சங்கத்தின் உறுப்பினர்தானே? ஒரே நாளில் ஒரே மாதிரி மஞ்சள் நோட்டீஸ் ஒட்ட முடிந்த சங்கத்துக்கு, ஒரே நாளில் ஒரே மாதிரி மறுக்க முடியாதா?

இன்னொரு நியாயமும் உண்டு. போட்டுக்கொள்ள முடிவு செய்தவன் எப்படியும் எங்கிருந்தாவது தேடிக்கொள்வான் என்பது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும், நடப்பு அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1998 செப்டம்பரில் பாராசிட்டமால் பெட்டியின் அளவைக் குறைத்தார்கள்: மருந்துக்கடையில் 32 மாத்திரை, மற்ற கடைகளில் 16. அடுத்த 11 ஆண்டுகளில் அந்த மாத்திரையால் நேர்ந்த சாவு, எதிர்பார்த்ததைவிடச் சுமார் 43 சதவீதம் குறைந்தது. யாரையும் பூட்டி வைக்கவில்லை, யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை, பெட்டியைச் சின்னதாக்கினார்கள். பக்கத்தில் இலங்கையில் 1995-இலிருந்து மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். உலகின் மிக அதிகமானவற்றில் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் பிறகு ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. எங்கள் வார்டில் கண் விழிக்கும் பிள்ளைகளிடம் மறுநாள் பேசினால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது இதுதான்: அந்த ஒரு ராத்திரி கடந்திருந்தால் போதும், செய்திருக்க மாட்டேன். அந்த ராத்திரி கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதில் உங்கள் கடைக்குப் பங்கு இருக்கிறது.

கேமரா விஷயம். மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவு போட்டதும் வைத்தீர்கள், நல்லது. ஆனால் நான் பார்த்த கடைகளில் அது கல்லாவைப் பார்த்து இருக்கிறது. வேலைக்கு நிற்கும் பையன் காசை எடுக்கிறானா என்று பார்க்க அது உதவும். சீருடைப் பெண் ஒருத்தி காலி அட்டையை நீட்டினாள், அட்டைக்கு அட்டை கொடுக்கப்பட்டது என்பதும் அதில் பதிவாகும்தான். பிறகு யார் எடுத்துப் பார்ப்பது? சில வாரங்களில் அழிந்து அதன் மேலேயே அடுத்த பதிவு ஏறிவிடும். கொடுக்கிற கை தயங்கினால்தான் மாத்திரை நிற்கும். தயங்காத கையை எத்தனை கோணத்தில் படம் பிடித்தாலும் எங்களுக்கு வந்து சேர்கிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

எல்லாப் பழியும் உங்களுடையது என்று நான் எழுதவில்லை. தூக்கம் வரவில்லை என்றதும் காரணம் கேட்காமல் அல்பிரஸோலம் எழுதி, எத்தனை நாளுக்கு என்று போடாமல் விடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டும். ஆன்லைன் விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் வரைவு விதி வந்தது. மனமயக்க மருந்துகளை இணையத்தில் விற்கவே கூடாது என்று அதிலேயே இருந்தது. வரைவு வரைவாகவே கிடந்தது. அட்டை விலைக்கு வாங்கி, ஒற்றை மாத்திரையாகப் பல மடங்கு வைத்துக் கல்லூரி வாசலில் விற்கும் கூட்டத்தைப் பிடிக்க வேண்டியது போலீஸ். மாத்திரை கொடுக்க மறுத்தால் கடையை உடைக்கிறார்கள், கத்தியைக் காட்டுகிறார்கள் என்று உங்கள் செயலாளர் சொன்னதும் பொய்யில்லை. அப்படி நடந்தால் முதல் ஆளாக உங்கள் பக்கம் நின்று புகார் எழுத நான் தயார். ஆனால் புத்தகப் பையோடு வந்து நின்றவள் கையில் கத்தி எதுவும் இல்லை.

நான் கேட்பவை இவை.

சங்கப் பொதுக்குழுவைக் கூட்டி, காலி அட்டை, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ, பழைய ஜெராக்ஸ் மூன்றையும் பார்த்துத் தூக்க மாத்திரையோ ஓபியாய்ட் வலி மாத்திரையோ கொடுப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தில் டேபென்டடாலின் பெயரையும் சேருங்கள். 2014 பட்டியலில் அது இல்லை என்ற சாக்கு வேண்டாம். 18 வயது நிரம்பாத யார் கையிலும், யாருக்காகக் கேட்டாலும், சீட்டே இருந்தாலும் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வரட்டும். நம் ஊரில் எந்த வீடும் கடைக்கு அவ்வளவு தூரம் இல்லை.

ஒவ்வொரு சீட்டிலும் கடை முத்திரையும் தேதியும் குத்துங்கள். சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு மாத்திரையும் வேண்டாம். கத்தரித்துக் கொடுக்க நேர்ந்தால், மருந்தின் முழுப் பெயரும் மில்லிகிராமும் பேட்ச் எண்ணும் கவரின் மேல் எழுதிக் கொடுங்கள். காலை, மதியம், இரவு என்று கோடு போட்டுக் கொடுக்கும் அதே பழுப்புக் கவர் போதும். எங்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று வார்டுக்கு வந்தால் காட்டுகிறேன். அந்தக் கவரின் பின்பக்கம் 14416 என்ற எண்ணையும் அச்சடியுங்கள். டெலி மானஸ், மனநல உதவிக்கான இலவச எண், எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

ஆச்சிமார்களை மறந்துவிடாதீர்கள். வருடக்கணக்காகப் போட்டுப் பழகியவருக்கு நாளை காலையிலேயே நிறுத்தினால் தூக்கம் போவது ஒரு பக்கம், வலிப்பே வரலாம். தீர்மானம் போட்ட மறுநாள் அவர்களைக் கதவடைத்து அனுப்பக் கூடாது. அப்படிப்பட்டவர்களின் பட்டியல் உங்கள் மனதிலேயே இருக்கும். ஒரு மாத அவகாசம் சொல்லி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். படிப்படியாகக் குறைப்பதா, தொடர்வதா என்று மருத்துவர் முடிவு செய்து புதுச் சீட்டு எழுதட்டும்.

வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள கடைக்கு ஒரு பூட்டிய பெட்டி வையுங்கள். கேரளத்தில் 2025-இல் கோழிக்கோட்டில் மருந்து கட்டுப்பாட்டுத் துறையே பயன்படுத்தாத மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அந்த மாதிரியை இங்கே கேட்டு வாங்க உங்கள் சங்கத்தால் முடியும். தாத்தா இறந்த வீட்டில் அவருடைய மாத்திரை டப்பா அலமாரியில் அப்படியே இருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சான்றிதழ் மட்டும் தொங்கி ஆள் இல்லாத கடை எது எது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் மருந்தாளுநரை உட்கார வைக்காத கடையைச் சங்கத்திலிருந்து நீக்குவோம் என்று எழுதுங்கள்.

எச்1 பதிவேட்டை உங்களுக்குள்ளேயே மாறி மாறிச் சரிபார்க்க ஒரு குழு போடுங்கள். மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பில்லில் எத்தனை அட்டை, பதிவேட்டில் எத்தனை, அலமாரியில் எத்தனை என்று பார்த்தால் போதும். கணக்கு உதைக்கும் கடை தானாகத் தெரியும். மயங்கி வருகிறவர்களோடு எங்களுக்கு வந்து சேரும் அட்டைகளில் உள்ள மருந்து, பேட்ச் எண் விவரத்தை, நோயாளியின் அடையாளம் எதுவும் இல்லாமல், மருந்து ஆய்வாளருக்கு அனுப்ப அனுமதி கேட்டு எங்கள் நிர்வாகத்துக்கு நானும் எழுதியிருக்கிறேன். அதற்கு உங்கள் சங்கமும் ஆதரவுக் கடிதம் கொடுக்க வேண்டும். நேர்மையாகக் கடை நடத்துகிறவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

அந்த மஞ்சள் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, தீர்மானத்தை அதே அளவில், அதே இடத்தில் ஒட்டுங்கள். தேர்வுகள் தொடங்குவதற்கு முன்னால் ஒட்டினால் நல்லது. எங்கள் வார்டில் கூட்டம் எப்போது கூடும் என்பது எங்களுக்குப் பழக்கம். இதில் எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று இருந்தால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். அதே ஷட்டரில் ஒட்டினாலும் சரி, நான் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்